தினமும் ஓட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிவேகக் கார் வாங்குவோருக்கும் ஏற்கெனவே வைத்திருப்போருக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். கல்யாண மண்டப வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் வாட்ஸ்அப்பிலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட கார் போர்ஷே 911. அதிலும், 2018 இறுதியில் அறிமுகமாகி 992 என்ற எண்ணால் அழைக்கப்படும் தலைமுறை. இங்கே தரும் அளவுகள் 2024-இல் வந்த மாற்றத்துக்கு முந்தைய மாடல்களுக்கு உரியவை. ஊர் சென்னை. வேறு கார்களுக்குப் பதில் மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

சார், இந்த மாதிரி காரை உண்மையிலேயே தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போக முடியுமா? சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்களா?

முடியும். ஆனால் எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. 911 பிறந்ததே அன்றாடம் ஓட்டுவதற்காகத்தான். 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அது வந்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் தனக்கு உரியவை என்று பெஜோ கார் நிறுவனம் உரிமை கோரியதால் 911 ஆயிற்று. அன்றே பின்னால் இரண்டு சிறிய இருக்கைகள், முன்னால் பெட்டி வைக்க இடம், நாலு பக்கமும் தெரியும் கண்ணாடி எல்லாம் இருந்தன. 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸும் அப்படித்தான். ஃபார்முலா ஒன் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா சுசுகா பந்தயக் களத்தில் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன கார் அது. ஆனாலும் சாதாரண ஹோண்டா போலக் காலையில் சாவியைத் திருகிக் கிளம்பலாம்.

எஞ்சின் நடுவில் இருக்கும் லம்போர்கினி, மெக்லாரன் வகைகளை நான் தினசரிக்குச் சிபாரிசு செய்வதில்லை. அவை பழுதாகும் என்பதற்காக இல்லை. பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் தி. நகரில் ரிவர்ஸ் எடுப்பவரின் இரத்த அழுத்தத்தை நினைத்துத்தான்.

நம் ஊர்த் தெருவுக்கு ரொம்ப அகலமாக இருக்காதா?

911-இன் அடிப்படை மாடலான கரேராவின் அகலம் 1,852 மி.மீ. இன்னோவா ஹைகிராஸின் அகலம் 1,850 மி.மீ. நீளத்தில் 911 தான் சிறியது: 4,519 மி.மீ. ஹைகிராஸ் 4,755 மி.மீ. இன்னோவா நுழையும் தெருவில் இதுவும் நுழையும். இன்னோவாவுக்கு வழிவிடும் தண்ணீர் லாரி இதற்கு வழிவிடுமா என்பது வேறு கேள்வி. உயரத்தில் கீழே இருப்பதால் லாரி, பஸ் ஓட்டுநர்களின் கண்ணில் இது எளிதில் படாது. அவர்களின் இடப்பக்கம் ஒட்டிப் போகும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

வேகத்தடையில் அடிவயிறு தட்டாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதி வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் நீளத்தில், 10 செ.மீ. உயரத்தில், வளைவாக. அப்படிப் போட்ட வேகத்தடையை 911 மெதுவாகத் தாண்டிவிடும். சிக்கல், தெருக்காரர்கள் தாங்களாகவே சிமெண்டைக் குழைத்துப் போட்டுக்கொள்ளும் குறுகிய, செங்குத்தான திட்டுகளில்தான்.

911-க்கு இதில் இயல்பான அனுகூலம் ஒன்று உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,450 மி.மீ. மட்டுமே. ஹைகிராஸில் அது 2,850. இடைவெளி குறையக் குறைய நடுவயிறு மேட்டில் உட்காரும் வாய்ப்பும் குறையும். தட்டுவது பெரும்பாலும் முன் பம்பரின் அடிவிளிம்புதான். அதற்கு முன்பக்கத்தைச் சுமார் 40 மி.மீ. தூக்கும் வசதி கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. ஒருமுறை தூக்கிய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானாகவே தூக்கும் வசதியும் 2021 மாடல்களிலிருந்து உண்டு. உங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சரிவை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். சென்னையில் இதை விருப்பத் தேர்வாக நான் கருதுவதில்லை. இது இல்லாத காரை வாங்காதீர்கள்.

மேட்டில் சாய்வாக ஏறுவது நல்லதுதான். பின்னால் வரும் பைக்குகள் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும் என்பதால் முதலில் கண்ணாடியைப் பாருங்கள்.

அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக முடியுமா? பிள்ளைகள் பின்னால் உட்காருவார்களா?

பின் இருக்கைகள் சிறு பிள்ளைகளுக்கு உரியவை. பெரியவர் ஒருவரை அங்கே உட்காரவைத்து மாமல்லபுரம் வரை போனால் அவர் அடுத்த தீபாவளி வரை பேசமாட்டார். முன்னால் பெட்டி வைக்கும் இடம் 132 லிட்டர். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று தாராளமாகப் போகும். பின் இருக்கைகளை மடக்கினால் இன்னும் இரண்டு பைகள் வைக்கலாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இருக்கை தாழ்வாக இருப்பதுதான் தொல்லை. கதவை முழுவதும் திறந்து, இருக்கைக்கு முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். புடவை கட்டியவர்களுக்கும் அதுவே வசதி. இறங்குவதும் அதே முறையில், தலைகீழாக. எப்படியும் வீட்டில் இன்னொரு கார் இருக்க வேண்டும். ஐந்து பேர் குடும்பத்துக்கு இது ஒன்றே கார் என்றால் என் பதில் முழுக்க மாறும்: வேண்டாம்.

மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

நகர நெரிசலில் லிட்டருக்கு 6 முதல் 8 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் 12-ஐத் தொடும். டாங்க் 64 லிட்டர்.

சாதாரண பெட்ரோல் போடலாமா? இப்போது எத்தனால் வேறு கலக்கிறார்களே?

இந்த எஞ்சின்கள் 98 ஆக்டேன் பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். குறைந்த ஆக்டேன் போட்டால் உடனே கெட்டுவிடாது. எஞ்சினில் இருக்கும் நாக் சென்சார் அதைக் கண்டுபிடித்து, தீப்பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும். சக்தி குறையும், செலவு கூடும், நெரிசல் வெப்பத்தில் எஞ்சினுக்குச் சிரமம். 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் விற்கப்படுகிறது. அது கிடைக்கும் பங்க் ஒன்றை வீட்டுக்கு அருகிலோ ஆபீஸ் வழியிலோ தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனால் விஷயத்தில் என் பேச்சையோ விற்பனையாளர் பேச்சையோ கேட்க வேண்டாம். பெட்ரோல் மூடிக்கு உட்புறம் எவ்வளவு எத்தனால் வரை போடலாம் என்று ஒட்டியிருக்கும். கையேட்டிலும் இருக்கும். 20 சதவீதக் கலப்புக்கு அனுமதி இல்லாத கார் என்றால், கலப்பு குறைவான உயர்ரகப் பெட்ரோல் எது என்று பங்கில் கேட்டுப் போடுங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தினமும் ஓடும் காரில் பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் பாதிப்பு குறைவு. மாதக்கணக்கில் நிற்கும் காரில்தான் தொந்தரவு. இது ஏன் முக்கியம் என்பது கீழே, காரை நிறுத்தி வைப்பது பற்றிய கேள்வியில் வருகிறது.

கத்திப்பாராவில் அரை மணி நேரம் நின்றால் எஞ்சின் கொதித்துவிடாதா?

கொதிக்காது, ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால். 911-இல் எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்கள். பம்பரின் திறப்பு வழியாக வேப்பிலை, பிளாஸ்டிக் உறை, புழுதி எல்லாம் போய் அங்கே அடைந்துகொள்ளும். ஈரம் சேர்ந்தால் அந்தக் குப்பை மக்கி அலுமினியத்தை அரிக்கும். ஏசி முன்புபோல் குளிரவில்லை என்று வரும் கார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த மூலைகளைத்தான். ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழை முடிந்த பிறகு, பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உயர் அழுத்தத் தண்ணீரை நேராக அடித்தால் கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி சிறிது நேரம் ஓடினால் பயப்பட வேண்டாம். அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அபார்ட்மென்ட் காவலர் மட்டும் ஓடிவந்து சொல்வார்.

ஆட்டோமேட்டிக் தானே? கிளட்ச் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இதிலிருக்கும் 8 கியர் பெட்டியில் இரண்டு கிளட்ச்கள் உண்டு. மிதி மட்டும்தான் இல்லை. அவை எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்வதால் உலர்ந்த கிளட்சைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும். இருந்தாலும் அடி அடியாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: முன்னால் இரண்டு கார் அளவு இடம் விழும்வரை பிரேக்கில் நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சாக நகர்ந்து மறுபடியும் முழுதாக நில்லுங்கள். அந்த இடத்தில் ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும், கிளட்சைவிட ஆட்டோ மலிவு.

மேம்பால ஏற்றத்திலும் பேஸ்மென்ட் சரிவிலும் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திக் காரை நிறுத்தி வைப்பவர்கள் நிறையப் பேர். மற்ற கார்களில் பழகிய வழக்கம். இங்கே அதைச் செய்தால் பணத்தை எரிக்கிறீர்கள் என்று பொருள். பிரேக்கை மிதியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு ஐந்து நிமிடம் நிறுத்திச் சூடாக்க வேண்டுமாமே?

வேண்டாம். அரை நிமிடத்தில் கிளம்பலாம். ஆனால் ஆயில் சூடாகும்வரை மென்மையாக ஓட்டுங்கள். சென்னை வெயிலில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயிலுக்கு அதைவிட நேரம் பிடிக்கும். டாஷ்போர்டில் ஆயில் வெப்பம் தனியாகக் காட்டப்படுகிறது. அது 80 டிகிரியைத் தொடும்வரை எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 3,500 சுற்றுகளைத் தாண்ட விடாதீர்கள்.

உங்கள் ஆபீஸ் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது என்றால்தான் எனக்குக் கவலை. அந்தத் தூரத்தில் ஆயில் சூடாகவே ஆகாது. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். அப்படி ஓடும் காருக்கு, கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். வாரத்தில் ஒருநாளாவது சுற்றுவழியாக வீட்டுக்கு வாருங்கள்.

மழையில் சறுக்குமா?

அகலமான பின் டயர்கள், எடை குறைந்த முன்பக்கம். தண்ணீர்ப் படலத்தில் வேகமாகப் போனால் டயர் சாலையை விட்டு மிதக்கும். இந்தத் தலைமுறையில் முன் சக்கர வளைவுக்குள் ஒலி உணரிகள் இருக்கின்றன. டயர் தெறிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டு, ஈரமான சாலைக்கான ஓட்டுமுறைக்கு மாறுங்கள் என்று கார் சொல்லும். அது சொன்னால் கேளுங்கள். டயரின் பள்ளம் 3 மி.மீ.க்குக் கீழே போனதும் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். சட்டம் அனுமதிக்கும் அளவு வரை தேய்ப்பது டாக்சிக்குச் சரி.

வெள்ளம் வந்தால்?

ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். எந்த ஆழம் வரை போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை. தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, மூடியில்லாத சாக்கடை இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எதிரே வரும் பஸ் கிளப்பும் அலை உங்கள் கணக்கில் வராது.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பேஸ்மென்ட்டில் நின்றிருந்த கார்கள்தான் அதிகம் மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. இரண்டாம் மாடியிலோ மேலேயோ கார் நிறுத்தும் இடம் உள்ள நண்பர் ஒருவரை அக்டோபருக்கு முன்பே பிடித்துவையுங்கள்.

தண்ணீர் புகுந்தால் இன்சூரன்ஸ் கொடுத்துவிடுமே?

முழுதாகக் கொடுக்காது. காரின் உள்புறம், மின் இணைப்புகள் நனைந்ததற்குச் சாதாரண முழுக் காப்பீட்டில் வழி உண்டு. எஞ்சினுக்குள் தண்ணீர் போய், அதன் பிறகு ஸ்டார்ட் செய்ததால் உள்ளே பிஸ்டனை இணைக்கும் கம்பிகள் வளைந்தால் அது தொடர் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். தேய்மானம் கழிக்காத சேர்க்கையும், கார் முற்றிலும் அழிந்தால் வாங்கிய விலையைத் தரும் சேர்க்கையும் இந்த விலைக் காருக்குக் கட்டாயம் என்பேன். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, படுக்கை லாரியில் ஏற்றுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணம் எஞ்சினின் கன அளவை வைத்து முடிவாகிறது. 1,500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு 2022-இல் நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 7,897 ரூபாய். இன்னோவாவுக்கும் அதுதான், இதற்கும் அதுதான். இந்தக் காரில் மலிவாகக் கிடைக்கும் ஒரே பொருள்.

டயர் எத்தனை கிலோமீட்டர் வரும்?

பின் டயர்கள் 15,000 முதல் 20,000 கி.மீ. வந்தால் திருப்தி அடையுங்கள். முன் டயர்கள் கூடுதலாக வரும். வளைவில் பிடிமானத்துக்காகப் பின் சக்கரங்கள் மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்தபடி பொருத்தப்பட்டிருப்பதால் உள்விளிம்புதான் முதலில் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும். மாதம் ஒருமுறை கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்த மறுநாளே வீல் அலைன்மென்ட் பார்ப்பது டயர் வாங்குவதைவிட மலிவு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. புதிது என்று விற்பார்கள், மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததாக இருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பஞ்சர் ஆனால் வழியில் இருக்கும் கடையில் ஒட்டலாமா?

ஸ்டெப்னி கிடையாது. ஓட்டையை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் கொடுப்பார்கள். திரவத்தை ஊற்றிய டயரைச் சுத்தம் செய்வது பெரும்பாடு, சில சமயம் டயரையே மாற்ற வேண்டிவரும். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணி குத்தி மெதுவாகக் காற்று இறங்கினால் பம்பை மட்டும் வைத்து நிரப்பிக்கொண்டு நல்ல டயர் கடைக்குப் போய்விடலாம். பக்கவாட்டில் கிழிந்தால் படுக்கை லாரிதான்.

வழியோரக் கடையில் பயம் ஒட்டுவதில் இல்லை, ஜாக்கி வைப்பதில்தான். அடிப்பாகம் முழுக்க பிளாஸ்டிக் தகடு. ஜாக்கிக்கென்று குறித்த இடம் தவிர வேறெங்கு வைத்தாலும் உடையும். 911-இன் டர்போ எஸ், ஜிடிஎஸ், ஜிடி3 வகைகளில் சக்கரத்தின் நடுவே ஒரே பெரிய நட்டுதான் இருக்கும். அதை 600 நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்க வேண்டும். தெருமுனைக் கடையில் அதற்கான கருவி இருக்காது.

அப்படியானால் எந்த மாடலை, எந்த வசதிகளோடு வாங்குவது?

இருப்பதிலேயே கீழ்நிலை மாடலை. இதைச் சொன்னதும் முகம் வாடுகிறது. காரணத்தைக் கேளுங்கள்.

கரேராவின் பின் டயர் 295/35, 20 அங்குலச் சக்கரம். அதாவது டயரின் பக்கச்சுவர் உயரம் அதன் அகலமான 295 மி.மீ.-இல் 35 சதவீதம், ஏறக்குறைய 103 மி.மீ. அதைவிடச் சக்தி கூடிய கரேரா எஸ்ஸில் 305/30, 21 அங்குலம். பக்கச்சுவர் சுமார் 91 மி.மீ. முன்னால் கரேராவில் 94, எஸ்ஸில் 86. பள்ளத்தில் விழும்போது சக்கரத்தின் விளிம்புக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் அவ்வளவுதான். அந்த எட்டு, பன்னிரண்டு மில்லிமீட்டரில்தான் உங்கள் முதுகும் அலாய் சக்கரமும் பிழைக்கின்றன. ஷோரூமில் பெரிய சக்கரம் அழகாகத் தெரியும். கரேராவை எடுத்துவிட்டு அதற்கும் பெரிய சக்கரம் கேட்பவர்கள் உண்டு, அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

சக்தியில் கரேரா 385 குதிரைத்திறன், எஸ் 450. கரேரா நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.2 விநாடியில் தொடுகிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு வைத்த வரம்பு 60 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் 30. அந்த 65 குதிரைகளை எந்தத் தெருவில் அவிழ்த்துவிடுவது?

பிரேக்கில் சாதாரண இரும்பு வட்டையே போதும். மஞ்சள் நிறப் பிடியோடு வரும் செராமிக் பிரேக் பந்தயக் களத்துக்கு அருமையானது. ஆனால் டயர் மாற்றும் பையன் சக்கரத்தைக் கழற்றும்போது தெரியாமல் இடித்தால் அதன் ஓரம் சில்லு பெயரும். மாற்றும் செலவில் ஒரு சிறிய காரே வாங்கலாம். பணத்தைக் காற்று வரும் இருக்கைகளிலும், முன்பக்கத்தைத் தூக்கும் வசதியிலும், முன் பாதியில் ஒட்டும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிமிலும் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தால் கார் புதிதாகவே இருக்குமே?

எதிரான அனுபவம்தான் எனக்கு அதிகம். நின்றே இருக்கும் காரில் அலாரமும் கணினிகளும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். பெட்ரோலில் ஈரம் சேரும் விஷயம் மேலே சொன்னேன். பிரேக் வட்டில் துரு பிடிக்கும், கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இன்னும் வேகமாக. சென்னையின் தனிச்சிறப்பு எலி. நிற்கும் காரின் எஞ்சின் அறையில் வயரைக் கடித்து வைத்துவிடும். ஒரு வயர்க்கட்டு முழுவதும் மாற்ற வேண்டிவந்தால் எலியின் சாப்பாட்டுச் செலவு லட்சத்தில் வரும்.

வாரம் ஒருமுறைதான் முடியும் என்றால், ஆயில் முழுதாகச் சூடாகும் அளவுக்கு 25, 30 கி.மீ. ஓட்டுங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது எதற்கும் உதவாது. வீட்டில் பேட்டரிச் சார்ஜரை இணைத்து வையுங்கள்.

புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி குறையும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இரண்டு கோடி ரூபாய்க் காருக்கு 40 லட்சம். ஆசை வருவது புரிகிறது. ஆனால் நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ அல்லது தொழில் செய்கிறீர்களோ, கார் வழக்கமாக எங்கே நிற்கிறதோ அங்கே பதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், அது 47-ஆம் பிரிவு. வாடகை முகவரி காட்டிப் பதிவு செய்வது வரி ஏய்ப்பு என்று வழக்காகும். தினமும் அண்ணா சாலையில் போகும் மஞ்சள் நிறக் காரை ஒளித்துவைக்கவும் முடியாது.

எக்ஸாஸ்ட்டை மட்டும் மாற்றிச் சத்தம் கூட்டிக்கொள்ளட்டுமா?

தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாற்றுவதை அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இன்சூரன்ஸ் கேட்கப் போகும் நாளில் அந்த மாற்றத்தைக் காரணம் காட்டுவார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பும் காராக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். தொழிற்சாலையிலிருந்தே வரும் ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்டில் ஒரு பட்டனைத் தட்டினால் அமைதியாகிவிடும். சத்தம் வேண்டுமென்றால் வாங்கும்போதே அதைக் கேளுங்கள்.

வேகமாகப் போகவே முடியாது என்றால் எதற்கு இந்தக் கார்? ஈசிஆரில் விடியற்காலையில் ஓட்டலாம் அல்லவா?

ஈசிஆரில் விடியற்காலையில் மீனவர்கள் இருக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மாடுகள் இருக்கின்றன. அங்கே வேண்டாம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் 1990-இலிருந்து இருக்கிறது. 3.7 கி.மீ. நீளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் பணம் கட்டி ஓட்டலாம். போவதற்கு முன் பிரேக் திரவத்தை மாற்றுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொண்டு பழையதாகியிருந்தால் சூட்டில் கொதித்து மிதி தளர்ந்துவிடும். பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரணக் காப்பீட்டில் விலக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே சுவரில் மோதினால் செலவு உங்களுடையது.

வேகத்தைத் தவிர வேறு காரணமும் உண்டு. ஸ்டியரிங் சொல்லும் செய்தி, பிரேக் மிதியின் உறுதி, இருக்கை உடம்பைப் பிடிக்கும் விதம். இவை நாற்பதிலும் தெரியும். தெரியவில்லை என்றால் இந்தக் காரில் உங்களுக்கு வேலை இல்லை. அதே பணத்தில் சொகுசான செடான் ஒன்றும் ஒரு மனையும் வாங்கலாம்.

உதிரிபாகம் கிடைக்குமா?

911 முழுதாக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இறக்குமதி ஆகிறது. ஃபில்டர், பிரேக் பேட், ஆயில் எல்லாம் இங்கேயே இருக்கும். முன் கண்ணாடி, பம்பர், விளக்கு என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரலாம். வீட்டில் இன்னொரு கார் வேண்டும் என்று அம்மாவைப் பற்றிய கேள்வியில் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

ஹோட்டலில் வேலே பார்க்கிங்குக்குச் சாவி கொடுக்கலாமா?

நான் கொடுக்கச் சொல்லமாட்டேன். பையன் திறமையானவனாக இருக்கலாம், ஆனால் முன்பக்கத்தைத் தூக்கும் பட்டன் எங்கே என்று அவனுக்குத் தெரியாது. நானே நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் வாசலிலேயே இடம் கொடுத்துவிடுவார்கள். வீட்டு டிரைவர் ஓட்டப் போகிறார் என்றால் கிளட்ச் பற்றிய பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பழைய கார் பார்த்திருக்கிறேன், 30,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. நம்பலாமா?

கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதன் கணினியில் பதிவாகியிருக்கும். சர்வீஸ் மையத்தில் கருவியை இணைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். 30,000 கி.மீ.க்கு 1,000 மணி நேரம் என்றால் சராசரி வேகம் 30. நல்ல கலவையான ஓட்டம். அதே தூரத்துக்கு 2,000 மணி நேரம் என்றால் சராசரி 15. கார் நெரிசலில் ஊர்ந்தே வாழ்ந்திருக்கிறது, கிளட்சையும் ஆயிலையும் கூர்ந்து பாருங்கள். 30,000 கி.மீ.க்கு வெறும் 500 மணி நேரம் என்று வந்தால் சராசரி 60. சென்னை நகரத்துக்குள்ளேயே ஓடிய காருக்கு அது நடக்காது. மீட்டர் திருத்தப்பட்டதா, வெளியூர் ஓட்டமா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத் தகட்டைப் பாருங்கள். புதுத் தகடு இருந்தால் பழையது ஏன் போனது என்று தெரிய வேண்டும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அந்தக் கார் ஏதோ ஒரு டிசம்பரைப் பார்த்திருக்கிறது. பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

தினமும் ஓட்டினால் விற்கும்போது விலை விழுந்துவிடுமே?

விழும். ஆனால் பெரிய அடி கிலோமீட்டரால் விழுவதில்லை. இறக்குமதி வரியும் ஆயுள் வரியும் காப்பீடும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஒரு பெரிய பங்கு, பதிவெண் பலகை மாட்டிய அன்றே போய்விட்டது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓடியதா 3,000 ஓடியதா என்பதால் வரும் வித்தியாசம் அதோடு பார்க்கையில் சிறியது. வாங்க வருபவர் கேட்பது பில்களை. ஆண்டுதோறும் ஆயில் மாற்றியது, ரேடியேட்டர் சுத்தம் செய்தது, டயர் மாற்றியது என எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அந்தக் கோப்போடு வரும் 40,000 கி.மீ. காருக்கு நான் வாடிக்கையாளரைக் கண்டுபிடித்துத் தருவேன். உறை போட்டுப் பூட்டிவைத்த, எந்தக் காகிதமும் இல்லாத 9,000 கி.மீ. காரை என் பெயரைச் சொல்லி யாரிடமும் விற்க வேண்டாம்.